பறந்து வந்த விமானத்துக்கு எண்ணெய் எடுக்கும் முறை

ரிமோட்டில் ஓட்டும் மாடல் விமானத்தை, அதுவும் குளோ இன்ஜின் (பிளக்கில் சூடேறிய கம்பியால் எரிபொருளைப் பற்றவைக்கும் சின்ன இன்ஜின்) மாட்டியதை, முதல் தடவையாகப் பறக்கவிட்டு, அது உடையாமல் கீழே வந்துவிட்ட சந்தோஷத்தில் ஓடிப்போய்த் தூக்குவீர்கள். வயிற்றுப் பக்கம் கை வைத்ததும் வழுக்கும். டேங்க் விட்டுப்போச்சு என்றுதான் முதலில் தோன்றும். டேங்க் நன்றாகத்தான் இருக்கும், இந்த இன்ஜின்களின் பிறவிக்குணம் அது.

எரிபொருளில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் பயம் போய்விடும். பெரும்பங்கு மெத்தனால், கொஞ்சம் நைட்ரோமீத்தேன், சில கலவைகளில் அதுவும் இருக்காது, மீதி எண்ணெய். டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்குள் தனியாக ஆயில் ஊற்றி வைக்க இடம் கிடையாது, எரிபொருளோடு கலந்து போகிற எண்ணெய்தான் உள்ளே எல்லாவற்றையும் வழவழப்பாக வைத்திருக்க வேண்டும். மெத்தனால் எரிந்துவிடும், எண்ணெய் பெரும்பாலும் எரியாமல் அப்படியே சைலன்சர் வழியாக வெளியே வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நாற்பத்தாறு சைஸ் இன்ஜின், அதாவது ஏழரை சிசி, மாட்டிய டிரெய்னரில், அதாவது பறக்கவிடக் கற்றுக்கொள்கிறவர்களுக்கான விமானத்தில், டேங்க் 300 மில்லி, எண்ணெய் 20 சதவீதம் என்றால் ஒரு டேங்குக்கு 60 மில்லி எண்ணெய். ஒரு காலைப் பொழுதில் நாலு தடவை பறந்தால் கிட்டத்தட்ட கால் லிட்டர். அதில் நிறைய காற்றோடு போய்விடும், ஆனால் மிச்சம் இருப்பதே போதும் போதும் என்றாகிவிடும். பெட்ரோல் இன்ஜின் வைத்திருப்பவர்களுக்கு எண்ணெய் இரண்டு, மூன்று சதவீதம்தான், அவர்கள் இதைப் பாதி படித்தால் போதும்.

அந்த எண்ணெயில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று ஆமணக்கு எண்ணெய், நம் வீட்டில் குழந்தைக்கு வயிறு கட்டினால் கொடுத்த அதே விளக்கெண்ணெய். இன்னொன்று செயற்கை எண்ணெய். பல கம்பெனிகள் இரண்டையும் கலந்தே விற்கின்றன. செயற்கை எண்ணெய் சாதாரண சோப்புத் தண்ணீருக்கே போய்விடும். விளக்கெண்ணெய் அப்படி இல்லை, விட்டுவைத்தால் பிசுபிசுப்பாகி, சூட்டில் பழுப்பு வார்னிஷ் மாதிரி இறுகிக்கொள்ளும். அதற்கு இன்னொரு விசித்திர குணமும் உண்டு: ஆல்கஹாலில் நன்றாகக் கரையும், பெட்ரோலிலும் மண்ணெண்ணெயிலும் சரியாகக் கரையாது. நம் பக்கத்து மெக்கானிக் கடையில் கிரீஸ் கறை எல்லாவற்றுக்கும் மண்ணெண்ணெய்தான் மருந்து என்பதால் நானும் ஆரம்பத்தில் அதைத்தான் எடுத்தேன். துடைக்கத் துடைக்க எண்ணெய் இடம் மாறியதே தவிரப் போகவில்லை, மேலே மண்ணெண்ணெயின் படலம் வேறு.

நான் இருப்பது தண்டையார்பேட்டையில், பறக்கவிடப் போவது மீஞ்சூரைத் தாண்டி. இந்தப் பாதையில் போகிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கன்டெய்னர் லாரிப் புழுதி, அத்திப்பட்டு அனல் மின் நிலையத்துப் பக்கத்துச் சாம்பல், கடல் காற்றில் வரும் உப்பு, இத்தனையும் எண்ணெய்ப் பசை உள்ள இறக்கையில் வந்து உட்காரும். எண்ணெயைத் தடவிக்கொண்டு மண்ணில் புரண்டாலும் ஒட்டுவதுதான் ஒட்டும் என்பார்கள், விமான விஷயத்தில் ஒட்டாதது எதுவுமே இல்லை. அதனால் இங்கே இருப்பவர்களுக்கு முதல் விதி, மைதானத்தை விட்டுக் கிளம்புவதற்கு முன்னாலேயே துடைத்துவிட வேண்டும். இரவு தாண்டினால் அரைமணி நேர வேலை இரண்டு மணி நேர வேலையாகும்.

இரண்டாவது விதியை எனக்குச் சொன்னது மைதானத்துக்கு வரும் ஒரு பெரியவர். என் முதல் விமானத்தை மொட்டை மாடியில் வைத்து, போர் தண்ணீரை மக்கில் மொண்டு மொண்டு ஊற்றிக் கழுவிக் காயவைத்து, அடுத்த வாரம் பெருமையாகக் கொண்டுபோனேன். மனிதர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா தம்பி, பிளேனுக்கு எண்ணெய் குளியலா?"

"ஆமா அண்ணே, சோப்பு போட்டுக் கழுவினேன், பளபளன்னு இருக்குல்ல?"

"மேல பளபளன்னுதான் கீது. உள்ள மரம் இன்னா ஆச்சுன்னு பார்த்தியா? எண்ணெயைக் கழுவாதப்பா, எடு."

அப்போது புரியவில்லை. இரண்டு மாதம் கழித்து இறங்கும்போது மூக்கு தரையில் லேசாகத்தான் இடித்தது, ஃபயர்வால், அதாவது இன்ஜினைத் தாங்கும் பலகை, இன்ஜினோடு கழன்று கையில் வந்தது. பலகையின் ஓரமெல்லாம் கறுத்து, எண்ணெயும் தண்ணீரும் ஊறி, பசை பிடிப்பே விட்டிருந்தது. பால்சா மரம் பஞ்சு மாதிரி, கொடுத்ததைக் குடிக்கும். சோப்புத் தண்ணீரில் கரைந்த எண்ணெய் இன்னும் லேசாக ஓடும், மரத்தின் மேல் இஸ்திரி போட்டு ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் பிலிமின் ஓரம், கீல் இடுக்கு, திருகு ஓட்டை என்று எங்கே வழி கிடைத்தாலும் உள்ளே போகும். ஆகவே எண்ணெய் விமானத்தின் மேல் ஓடக்கூடாது, துணியில் ஏற வேண்டும். இனிமேல் சொல்லப்போகிற எல்லாமே இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

பையில் என்ன இருக்க வேண்டும்

பனியன் வேஸ்ட் அரை கிலோ. பெயின்ட் கடையிலும் ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும், வண்ணாரப்பேட்டைப் பக்கம் என்றால் சொல்லவே வேண்டாம். வாங்கும்போது தையல், பட்டன், ஜிப் எதுவும் இல்லாத துண்டுகளாகப் பொறுக்கிக்கொள்ளுங்கள், ஒரு பட்டன் போதும் இறக்கை முழுக்கக் கோடு போட. இன்னும் நல்லது பழைய வேட்டி, நாலு வருஷம் துவைத்து மெலிந்த பருத்தித் துணிக்கு நிகராக எண்ணெய் குடிப்பது எதுவும் இல்லை. பாலியெஸ்டர் துணி வேண்டாம், அது எண்ணெயைத் தள்ளிக்கொண்டு போகுமே தவிரக் குடிக்காது.

ஸ்பிரே பாட்டில் இரண்டு. ஒன்றில் அரை லிட்டர் தண்ணீருக்கு அரை டீஸ்பூன் பாத்திரம் கழுவும் லிக்விட். நுரை வர வேண்டும் என்று ஊற்றித் தள்ளாதீர்கள், சோப்பு அதிகமானால் அதைத் துடைத்தெடுப்பதே தனி வேலை, மிச்சம் நின்றால் அதுவும் தூசியைப் பிடிக்கும். இன்னொரு பாட்டிலில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், மூன்று பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து. ரிச்சி தெருவில் சர்க்யூட் போர்டு துடைக்க என்று கேட்டாலே கொடுப்பார்கள். கொரோனா காலத்தில் வாங்கி மிஞ்சிய ஜெல் சானிடைசரை எடுக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வேண்டாம், அதில் உள்ள பசைப்பொருள் மேலே நின்றுவிடும். ஆல்கஹால் இல்லாதவர்கள் கண்ணாடி துடைக்கும் நீல திரவத்தைப் பயன்படுத்தலாம், அன்றன்றைய எண்ணெய்க்கு அது போதுமானது.

தண்ணீர் கேன் தண்ணீராக இருக்கட்டும். எங்கள் பக்கத்து போர் தண்ணீரின் உப்பு உங்களுக்கே தெரியும், டம்ளரில் வைத்தால் அடியில் வெள்ளைப் படிவம் நிற்கும். அதையே பிலிமின் மேல் அடித்தால் காய்ந்ததும் புள்ளி புள்ளியாகத் தெரியும், திருகுகளும் கம்பிகளும் துருப்பிடிக்கும். இருநூறு ரூபாய் திருகு செட்டைக் காப்பாற்ற ஒரு லிட்டர் கேன் தண்ணீர் பெரிய செலவில்லை.

அப்புறம் பழைய டூத் பிரஷ் ஒன்று, காது குடையும் பட்ஸ் கொஞ்சம், டேங்கைக் காலிசெய்ய ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சும் ஒரு முழம் சிலிகான் குழாயும், அழுக்குத் துணி போட ஒரு கவர். இவ்வளவுதான்.

மைதானத்தில்

கடைசிப் பறப்பு முடிந்ததும் டேங்கில் இருப்பதை சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்து அதன் கேனிலேயே விடுங்கள். பிறகு இன்ஜினை மறுபடி ஸ்டார்ட் செய்து, குழாயில் மிஞ்சியது தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். இதைச் செய்யாமல் அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோனால் வண்டி குலுங்குகிற குலுங்கலில் மிச்ச எரிபொருள் கார்புரேட்டர் வழியாகச் சொட்டி, நீங்கள் துடைத்த வேலையெல்லாம் வீண். உள்ளே தங்கும் மெத்தனால் காற்றிலிருந்து ஈரத்தையும் இழுக்கும், அந்தக் கதை இன்ஜின் பகுதியில் வருகிறது.

நின்றதும் உடனே கை வைக்காதீர்கள், சைலன்சர் தோசைக்கல் மாதிரி இருக்கும். பத்து நிமிஷம் டீ குடியுங்கள். அதற்குள் பிளக்கில் மாட்டிய பேட்டரியை எடுத்தாயிற்றா, விமானத்தின் ஸ்விட்ச் அணைந்ததா என்று பார்த்துவிடுங்கள்.

இப்போது ஒரு முக்கியமான இடம், இங்கேதான் எல்லோரும் தப்புச் செய்கிறார்கள். ஸ்பிரேயைக் கையில் எடுக்காதீர்கள். முதலில் மணல், சாம்பல், புல் இருந்தால் வாயால் ஊதியோ மெல்லிய பிரஷால் தட்டியோ எடுத்துவிடுங்கள். பிறகு காய்ந்த துணியை எண்ணெயின் மேல் போட்டு ஒற்றி எடுங்கள், குழந்தைக்குத் தலை துவட்டுவது மாதிரி, தேய்க்கக் கூடாது. எண்ணெயோடு சாம்பல் கலந்திருந்தால் அது மெல்லிய உப்புத்தாள்தான், தேய்த்தீர்கள் என்றால் வெயிலில் பிடித்துப் பார்க்கும்போது வட்ட வட்டமாகக் கீறல் தெரியும். நாலைந்து துண்டு மாற்றி ஒற்றினால் பெரும்பங்கு எண்ணெய் துணிக்கு வந்துவிடும், சோப்புத் தண்ணீருக்கு மிச்சம் கொஞ்சம்தான்.

எங்கே ஆரம்பிப்பது? எண்ணெய் குறைவான இடத்தில். இறக்கையின் மேல்பக்கம், சைலன்சர் இல்லாத பக்கத்து உடல், அப்புறம் வால், கடைசியில்தான் சைலன்சர் பக்கமும் அடிவயிறும். தலைகீழாகச் செய்தால் எண்ணெய்த் துணியால் சுத்தமான இடத்தையும் பூசிவிடுவீர்கள். துணியை நாலாக மடித்துக்கொண்டு முகம் மாற்றி மாற்றித் துடைத்தால் ஒரு துண்டு எட்டுத் துண்டுக்குச் சமம்.

காய்ந்த துணி வேலை முடிந்ததும் சோப்பு பாட்டில். விமானத்தின் மேல் அடிக்காமல் துணியின் மேல் அடியுங்கள். துணி ஈரமாக இருக்க வேண்டும், பிழிந்தால் சொட்டக் கூடாது. மூக்கிலிருந்து வால் நோக்கி ஒரே திசையில் இழுங்கள். பிலிமின் ஒட்டு விளிம்புகள் பெரும்பாலும் பின்னோக்கிப் படிந்திருக்கும், எதிர்த்திசையில் தேய்த்தால் விளிம்பைத் தூக்கிவிடும். ஐலரான், எலிவேட்டர், ரட்டர் என்று இறக்கையிலும் வாலிலும் அசையும் பலகைகளின் கீல் இடுக்குக்கு மட்டும் துணி வேண்டாம், பட்ஸை ஆல்கஹாலில் தொட்டு இடுக்கின் மேல் ஓட்டுங்கள். சர்வோ (அந்தப் பலகைகளை அசைக்கும் சின்ன மோட்டார்), ஸ்விட்ச், ரிசீவர் இருக்கும் மூடி பக்கம் ஈரத்தோடு போகவே போகாதீர்கள். அப்புறம் வெறும் தண்ணீர் தொட்ட துணி ஒரு தடவை, காய்ந்த துணி ஒரு தடவை.

எண்ணெய் இறுகிய பழுப்புக் கறை இருந்தால் அங்கே மட்டும் ஆல்கஹால். துணியில் தொட்டு அரை நிமிஷம் கறையின் மேல் வைத்துவிட்டு எடுங்கள், தானாக விட்டுக்கொடுக்கும். பெயின்ட் அடித்த இடத்திலும் ஸ்டிக்கர் மேலேயும் வைப்பதற்கு முன், கண்ணில் படாத ஒரு மூலையில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள், நிறம் துணிக்கு வந்தால் நிறுத்திவிடுங்கள். விமானியின் கூடாரம் மாதிரி இருக்கும் அந்தக் கண்ணாடிபோன்ற மூடி, அக்ரிலிக்காக இருந்தால் ஆல்கஹாலும் அமோனியா கலந்த கண்ணாடித் திரவமும் அதில் மெல்லிய வெடிப்புகளைக் கிளப்பும். அதற்கு சோப்புத் தண்ணீர் மட்டும்.

பெட்ரோல், தின்னர், அசிட்டோன், பாத்திரம் தேய்க்கும் பவுடர், பச்சை ஸ்கிரப்பர், இந்த ஐந்தும் பையில் இருக்கவே வேண்டாம். சீயக்காய் எண்ணெயை நன்றாக எடுக்கும்தானே என்று ஒரு தம்பி கேட்டான். எடுக்கும், தலைக்கு. அதன் திப்பி பிலிமைக் கீறும்.

துடைக்கும்போது கண்ணையும் திறந்து வையுங்கள். எண்ணெய் வழக்கத்துக்கு அதிகமாக ஓர் இடத்தில் சேர்ந்திருந்தால் அதற்குக் காரணம் இருக்கும், சைலன்சர் திருகு தளர்ந்திருக்கும் அல்லது டேங்க் குழாய் வெடித்திருக்கும். சைலன்சர் இணைப்பில் கறுப்பாகக் கோடு விழுந்திருந்தால் அங்கே புகை கசிகிறது. எனக்கு இதுவரை கிடைத்த தளர்ந்த திருகுகளில் பாதிக்கு மேல் துணியில்தான் மாட்டின.

ரப்பர் பேண்டு விஷயம்

டிரெய்னர் இறக்கையை ரப்பர் பேண்டால் கட்டுகிறவர்களுக்காக இதைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் புதியவர்கள் நிறையப் பேர் இதைக் கவனிப்பதில்லை. எண்ணெய் ஊறிய ரப்பர் வழுக்கும், ஊதிப்போகும், பலம் போகும். நாற்பது சைஸ் டிரெய்னருக்குப் பத்துப் பன்னிரண்டு பேண்டு போடுவது வழக்கம், அதில் நாலு வழுக்கினாலும் இறக்கை அசைய ஆரம்பிக்கும். வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் ஐந்து நிமிஷம் அலசி, துணியில் உருட்டிக் காயவைத்து, ஒரு டப்பாவில் முகப்பவுடர் கொட்டி அதில் போட்டுக் குலுக்கிவிடுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எடுக்கும்போது ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தால் கருவேப்பிலைக் கட்டுக்குப் போடக் கொடுத்துவிடுங்கள், விமானத்துக்கு வேண்டாம். இறக்கை உட்காரும் இடத்தில் உடலில் ஒட்டியிருக்கும் பஞ்சு நாடாவும் எண்ணெயைக் குடிக்கும். ஊறிப்போயிருந்தால் பிய்த்து எறிந்துவிட்டுப் புதிதாக ஒட்டுவதுதான் ஒரே வழி.

இன்ஜின்

வெளிப்புறத்துக்கு டூத் பிரஷும் ஆல்கஹாலும் போதும். கார்புரேட்டர் வாயிலும் சைலன்சர் வாயிலும் துணியைச் செருகிக்கொண்டு, சூடு வெளியே போவதற்காக இன்ஜினைச் சுற்றித் தகடு தகடாக இருக்கும் இறகுகளுக்கு நடுவே பிரஷால் தேய்த்து, வழிவதைக் கீழே துணி பிடித்து வாங்கிக்கொள்ளுங்கள். இறகுகளில் அழுக்கு அடைத்தால் சூடு வெளியே போகாது, அதனால் இது அழகுக்கான வேலை மட்டும் இல்லை.

உள்புறத்துக்கு நம் ஊரில் இரண்டு எதிரிகள். மெத்தனால் ஈரத்தை இழுக்கும், நைட்ரோ எரிந்தால் அமிலத் தன்மையுள்ள மிச்சம் தங்கும். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் என்று கடலுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு மூன்றாவதாக உப்புக் காற்று. முதலில் போவது பேரிங். அன்றைய வேலை முடிந்ததும் தையல் மெஷின் ஆயில் ஐந்தாறு சொட்டு கார்புரேட்டரில் விட்டு, பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையிலும் இரண்டு சொட்டு விட்டு, புரொப்பெல்லரைக் கையால் இருபது சுற்று சுற்றுங்கள். எண்ணெயை எடுக்க இவ்வளவு பாடுபட்டுவிட்டு மறுபடி எண்ணெய் விடச் சொல்கிறானே என்று கேட்பீர்கள். அந்த எண்ணெய் வேறு, இந்த எண்ணெய் வேறு, இதற்கு ஈரம் பிடிக்காது. மாதக்கணக்கில் பறக்கப் போவதில்லை என்றால் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

பழைய இன்ஜின் வாங்கியவர்களுக்கு ஒரு பிரச்சினை வரும். விளக்கெண்ணெய் சூட்டில் வெந்து வெந்து, அலுமினியமே தெரியாமல் காப்பிக்கொட்டை நிறத்தில் பூச்சாக இருக்கும், சில சமயம் சுற்றவே சுற்றாது. அதற்கு உலகம் முழுக்க மாடல்காரர்கள் செய்யும் வைத்தியம், வண்டிக்கு ஊற்றும் கூலன்ட், அதாவது எத்திலீன் கிளைக்கால் உள்ளது, அதில் இன்ஜினை மூழ்கவைத்துக் கொதிக்காத சூட்டில் பல மணி நேரம் வைப்பது. பிளக், கார்புரேட்டர், ரப்பர் வளையங்கள், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் முதலில் கழற்றிவிடுங்கள். சாயம் ஏற்றிய வண்ண உலோகப் பாகங்களையும் போடாதீர்கள், நிறம் போய்விடலாம். ஆறு மணி நேரத்தில் பூச்சு இளகும், முரட்டுக் கேஸுக்கு ஒரு ராத்திரி ஆகும். வெளியே எடுத்து, டூத் பிரஷால் தேய்த்து, வெந்நீரில் அலசி, ஈரம் போகக் காயவைத்து, அடுத்த நிமிஷமே ஆயில் விட வேண்டும், தள்ளிப்போட்டால் பேரிங் துருப்பிடிக்கும்.

ஆனால் ஒன்று. கிளைக்கால் விஷம், லேசான இனிப்பு வேறு. அந்தப் பாத்திரம் அதோடு சமையலறைக்குத் திரும்பக் கூடாது, அடுப்பும் வீட்டுக்குள் வேண்டாம், மொட்டை மாடியில் காற்றோட்டமான இடத்தில் வைத்துப் பக்கத்திலேயே இருங்கள். பழைய கூலன்டைத் தெருவில் ஊற்றினால் நாயும் பூனையும் நக்கிச் சாகும். ஓவன், சாக்கடை அடைப்பு எடுக்கும் காரக் கரைசல்களை இன்ஜின் மேல் ஊற்றச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது எண்ணெயோடு அலுமினியத்தையும் தின்னும்.

மரத்துக்குள் போய்விட்டால்

பிலிம் விளிம்பு தூக்கியிருந்து உள்ளே மரம் கறுத்திருந்தால் அவசரப்பட்டு இஸ்திரி போட்டு ஒட்டாதீர்கள், எண்ணெய் மேல் எதுவும் ஒட்டாது. பிலிமை இன்னும் கொஞ்சம் தூக்கி, காய்ந்த மரம் தெரியும் இடம்வரை திறந்துவிடுங்கள். இரண்டு மூன்று நாள் எரிபொருள் வாடை போகக் காயட்டும். அப்புறம் டிஷ்யூ பேப்பரை மடித்து மேலே வைத்து, மிதமான இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள், சூட்டுக்கு எண்ணெய் இளகிப் பேப்பருக்கு ஏறும். பேப்பரில் கறை வருவது நிற்கும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள்.

அதற்கு மேலும் உள்ளே இருப்பதற்கு சோள மாவு அல்லது வெள்ளை சாக்பீஸ் தூள். ஆல்கஹாலில் குழைத்து, நெற்றிக்குப் பற்று போடுவது மாதிரி கனமாக அப்பிவிடுங்கள். ஆல்கஹால் உள்ளே போய் எண்ணெயைக் கரைக்கும், காயக் காய அது மேலே வரும், மாவு அதைப் பிடித்துக்கொள்ளும். காய்ந்ததும் பிரஷால் தட்டுங்கள், மாவு மஞ்சளாக இருந்தால் மறுபடி போடுங்கள், வெள்ளையாகவே இருந்தால் வேலை முடிந்தது. எனக்கு ஒரு ஃபயர்வாலுக்கு நாலு பற்று ஆயிற்று. நகத்தால் அழுத்தினால் மரம் பதிகிறது என்றால் பற்று போட்டுப் பயன் இல்லை, வெட்டி எடுத்துவிட்டுப் புது பால்சா வைத்து ஒட்டுங்கள்.

சுத்தமான மரத்தைத் திரும்ப மூடுவதற்கு முன் டேங்க் அறை, ஃபயர்வால், திருகு ஓட்டைகள், இறக்கை உட்காரும் மேடை எல்லாவற்றுக்கும் அரால்டைட் பூசிவிடுங்கள். மெதுவாக இறுகும் வகை, ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டினால் தண்ணீராக ஓடும், பிரஷால் மெல்லிசாக இழுத்துவிடலாம். புது விமானம் கட்டுகிறவர்கள் இன்ஜின் மாட்டுவதற்கு முன்பே இதைச் செய்துவிட்டால் இந்தப் பகுதியைப் படிக்க வேண்டிய அவசியமே வராது. சைலன்சர் வாயில் ஒரு சாண் சிலிகான் குழாயை மாட்டி வெளிப்புறமாகத் திருப்பிவிட்டாலும் பாதி எண்ணெய் விமானத்தைத் தொடாமலே போய்விடும். அந்தக் குழாய் சீக்கிரம் வெந்து கிழியும், ஒன்று கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக இரண்டு எச்சரிக்கை. எரிபொருளையோ மெத்தனாலையோ துடைப்பதற்குப் பயன்படுத்தாதீர்கள். கறை நன்றாகப் போகும், உண்மைதான், ஆனால் மெத்தனால் தோல் வழியாகவே உடம்புக்குள் போகும், பகல் வெளிச்சத்தில் அதன் தீ கண்ணுக்கே தெரியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் இறந்தது மெத்தனால் கலந்த சாராயத்தால்தான், அதனால் எரிபொருளை எந்தக் காரணம் கொண்டும் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள், ஒரு மணி நேரத்துக்குக்கூட. அதன் கேனிலேயே, பெயர் எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில், பூட்டி.

இன்னொன்று அந்த அழுக்குத் துணி. ஈரத்தோடு சுருட்டி ஸ்கூட்டர் சீட்டுக்குக் கீழே போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள், மே மாத வெயிலில் அது ஆபத்து. மைதானத்திலேயே விரித்துக் காயவிட்டு, கவரில் கட்டி, குப்பைக்குப் போட்டுவிடுங்கள். வேட்டித் துணி நல்லதாக இருக்கிறதே, துவைத்துத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் தனி பக்கெட்டில் ஊறவைத்துக் கையால் துவையுங்கள். நான் ஒரு தடவை வீட்டு வாஷிங் மெஷினில் போட்டேன். அடுத்து அதில் துவைத்த போர்வையைப் போர்த்திக்கொண்டு அம்மா ராத்திரி பதினோரு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, "யாருக்குடா வயிறு சரியில்ல, விளக்கெண்ணெய் வாசம் வருது?" என்று கேட்டார்.